ஒரு நாவல் வந்து சேர்ந்த வழி

பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவலைப் புரட்டினால், முதல் பதிப்பு 2012 ஜனவரி, க்ரியா, சென்னை என்று போட்டிருக்கும். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நாவல். அது புத்தகத்தின் பிறந்த தேதி. கதையின் பிறந்த தேதி எது என்று கேட்டால், 1895ஆம் வருஷத்துப் பங்குனி உத்திரம் என்று நான் சொல்வேன். பிறந்த ஊர் கழுகுமலை. இரண்டு தேதிகளுக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. அந்தக் காலத்தில் இந்தக் கதை எங்கெங்கே இருந்தது, யார் யார் கையில் இருந்தது, ஏன் அத்தனை நாள் முடியாமல் கிடந்தது என்று பார்த்தால், நாவலாசிரியர் ஒருவரின் அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதும் கூடவே தெரியும்.

சங்கரன்கோவிலில் கோவில்பட்டி பஸ் ஏறினால் பாதி வழியில் கழுகுமலை வந்துவிடும். விசைத்தறிச் சத்தம் ஊர் எல்லையோடு நின்றுபோகும். மேற்குத் தொடர்ச்சி மலை முதுகுப்பக்கம் சிறுத்துக்கொண்டே வரும். கிழக்கே போகப் போக மண் கறுக்கும். பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய் என்று வானம் பார்த்த வெள்ளாமை. பிறகு ஒற்றைப் பாறையாகக் குன்று தெரியும். குன்றின் மேலே வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயிலும் இருக்கின்றன. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன் மேல்தான். அவருடைய சென்னிகுளம் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்து ஊர். தமிழ் படித்தவர்களுக்குக் கழுகுமலை என்றால் சிந்தும் சிற்பமும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊர்த் தேர்வீதியில் 1895இல் நடந்ததைப் பற்றிப் படித்தவர்கள் குறைவு.

நடந்தது இது. கழுகுமலை அப்போது எட்டயபுரம் ஜமீனுக்குச் சொந்தம். தேர்வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. வியாபாரத்தில் காசு பார்த்து, கிணறு வெட்டி, பள்ளிக்கூடம் கட்டித் தலைநிமிர்ந்துகொண்டிருந்த சமூகம் அது. கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு தோற்றது. பிறகு பலர் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்கள். தேர்வீதியிலேயே ஒரு வீட்டை வாங்கி வழிபாட்டு இடம் ஆக்கினார்கள். பங்குனி உத்திரத் தேரோட்டத்தன்று அதன் முன்னால் போட்டிருந்த பந்தல் தேருக்கு வழிவிடவில்லை என்று தகராறு மூண்டது. ஜமீன் மேலாளர் குத்துப்பட்டுச் செத்தார். பந்தலும் வீடும் எரிந்தன. மேலும் பல உயிர்கள் போயின.

நாலு வருஷம் கழித்து, சிவகாசி. விசுவநாதசுவாமி கோயிலுக்குள் நாடார்கள் நுழைவது பற்றிய பிணக்கு முற்றி, 1899 ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் திரண்டு ஊரைத் தாக்கினார்கள். மறவர்களும் அவர்களோடு சேர்ந்த பல சாதியினரும் ஒரு பக்கம், நாடார்கள் மறு பக்கம். அடுத்தடுத்த நாட்களில் அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் பல கிராமங்களில் கொள்ளையும் தீயும் பரவின. பட்டாளம் வந்தது. தண்டப் போலீஸ் உட்கார்ந்தது, அதன் செலவு ஊர்க்காரர் தலையில் விழுந்தது. அன்றைக்கு ஒரே ஜில்லாவாக இருந்த நிலம் இன்றைக்குத் தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி என்று பிரிந்து கிடக்கிறது. நடந்தது மட்டும் எல்லா மாவட்டத்திலும் யாரோ ஒருவர் ஞாபகத்தில் இருக்கிறது.

அன்றிலிருந்து இந்தக் கதை இரண்டு பாதைகளில் கிளம்பிப் போனது.

ஒன்று காகிதப் பாதை. போலீஸ் அறிக்கை, மாஜிஸ்திரேட் உத்தரவு, சாட்சி வாக்குமூலம், செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு, மேல்முறையீடு, கலெக்டர் கடிதம், அரசாணை. தமிழில் சொன்னதை ஒரு குமாஸ்தா இங்கிலீஷில் எழுதினார். அதை இன்னொருவர் சுருக்கினார். அந்தச் சுருக்கத்தின் மேல் ஒரு துரை கையெழுத்துப் போட்டார். ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்ட கமுதியில் எழுந்த கோயில் நுழைவு வழக்கு இதே வகைத் தகராறுதான். அது சென்னை உயர்நீதிமன்றத்தையும் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தீர்ந்தது, நாடார்களுக்கு எதிராக. கமுதியில் நடந்த தகராறு கடல் தாண்டிப் போய்த் தீர்ப்பாகத் திரும்பி வந்து, சட்டப் புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டது. 1969இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்டது. காகிதப் பாதையில் போன கதைக்கு அது ஒரு பெரிய நிறுத்தம். தேதி, வழக்கு எண், தரப்புகள் எல்லாம் அங்கே ஒழுங்காகக் கிடைக்கும்.

மற்றது வாய்ப் பாதை. அதற்கு எண்ணும் கிடையாது, தேதியும் கிடையாது. ‘கொள்ளை நடந்த வருசம்’ என்பதே வருஷக் கணக்கு. யார் பருத்திப் பொதிக்குள் ஒளிந்தார், யார் வீட்டுக் குலுக்கை உடைந்தது, எந்தத் தாத்தா எந்த ஊருக்கு ஓடினார், எந்த அம்மை யாருக்குக் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினாள் என்று அது வேறு விதமான விவரங்களைச் சுமந்துகொண்டு போகும். களையெடுக்கும் காட்டில், இழவு வீட்டில், வண்டிப் பயணத்தில் அது கைமாறும். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கதை. ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சங்கரன்கோவில்காரனுக்குத் தறி தெரியும். பாவு ஒரு வாக்கில் ஓடும், ஊடை குறுக்கே ஓடும். எது ஒன்று இல்லாவிட்டாலும் அது நூல்தான், துணி ஆகாது. இந்தக் கதையின் பாவும் ஊடையும் நூறு வருஷம் தனித்தனியாகக் கிடந்தன. சேர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டு நூலையும் பிடிக்கத் தெரிந்த ஆள்.

அந்த ஆள் 1947இல் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்தார். பூ. மாணிக்கவாசகம் என்ற பெயர் சுருங்கி, எழுத்தில் பூமணி ஆனது. சம்சாரிக் குடும்பம், அதாவது விவசாயக் குடும்பம். கூட்டுறவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, துணைப் பதிவாளர் வரைக்கும் போனார்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டுறவுத் துறை அதிகாரிக்கு வேலை மேஜையில் பாதி, ஊர்களில் பாதி. சங்கக் கணக்கைப் பார்க்க வேண்டும், தீர்மானப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும், கடன் வாங்கியவன் ஏன் கட்டவில்லை என்று கேட்க வேண்டும். ரசீதில் ஒன்று இருக்கும், ஊரில் வேறொன்று நடந்திருக்கும். கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு ஊரிலேயே இருந்திருக்க மாட்டார். ஒரு தாள் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று படிக்கும் பழக்கம் இப்படித்தான் வரும். பிற்காலத்தில் பழைய தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் பூமணி கையில் எடுத்தபோது, பல வருஷம் கணக்குப் புத்தகம் பார்த்த கண் அவருக்கு உதவியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கரிசல் பக்கத்து எழுத்தாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான். எழுத்து மட்டுமே பிழைப்பு என்று இருந்தவர்கள் அபூர்வம். கி. ராஜநாராயணன் சம்சாரி. அவருடைய ‘மாயமான்’ 1958இல் அச்சேறியபோது முப்பத்தைந்து வயது இருக்கும். மேலாண்மை பொன்னுச்சாமி ஊரில் கடை வைத்திருந்தார். சோ. தர்மன் மில் தொழிலாளி. ச. தமிழ்ச்செல்வன் தபால்துறை. கவிஞர் தேவதச்சன் கோவில்பட்டியில் நகைக்கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வரி தோன்றும். ஷிஃப்ட் நடுவில் ஒரு முகம் தோன்றும். ஆள் வந்து தபால்தலை கேட்பார், முகம் போய்விடும். தோன்றியதைப் பிடிப்பதற்குச் சிகரெட் அட்டை, பஸ் டிக்கெட் முதுகு, பழைய பில், கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கம் என்று எது அகப்படுகிறதோ அது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எழுதியது புரியாது. புரிந்தாலும் ஏன் எழுதினோம் என்பது மறந்திருக்கும்.

ஆகவே இந்தப் பக்கத்து எழுத்தாளர்களுக்குக் கருவைப் பிடிப்பது பெரிய வித்தையே இல்லை. கதைக்குப் பஞ்சம் வந்த மண்ணில்லை இது. டீக்கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாவலுக்கு ஆகும். வித்தை எல்லாம் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. எந்தக் கதையை இப்போதே எழுதிவிடலாம், எதைக் கிடக்கட்டும் என்று விடவேண்டும் என்று பிரித்தறிவதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அந்தோணி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். அவரும் தபால்துறை அதிகாரிதான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று கணக்குப் போட்டு எழுதுவார். ரயிலில் போகும்போதும் மடியில் பலகை வைத்து எழுதினார். ஒரு நாவல் முடிந்தால் மறுநாளே அடுத்தது. மொத்தம் 47 நாவல்கள். முடியாத கதை என்ற தொந்தரவை அவர் கடிகாரத்தால் வென்றார்.

தமிழில் அந்த வேலையைக் கடிகாரத்துக்குப் பதிலாக வாரப் பத்திரிகை செய்தது. கல்கி 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் ‘பொன்னியின் செல்வன்’ எழுதி முடித்தார். அடுத்து எடுத்த ‘அமரதாரா’ தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1954 டிசம்பர் 5ஆம் தேதி காலமானார். மிச்சத்தை அவர் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். அந்த நாவலுக்குப் பாத்திரமும் இருந்தது, போக்கும் இருந்தது. பற்றாமல் போனது எழுதியவருடைய ஆயுள் மட்டும்தான். அதனால் இன்னொரு கையால் முடிக்க முடிந்தது.

எல்லா முடியாத கதைகளும் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்காகக் காத்திருக்கிறது. பூமணியின் இரண்டு நாவல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகத் தெரியும்.

முதலில் ‘வெக்கை’. 1979இல் ‘பிறகு’ வந்து மூன்று வருஷத்துக்குள், 1982இல் வந்த நாவல். கரிசல் பக்கத்தில் நிஜமாகவே நடந்த ஒரு கொலையிலிருந்து பிறந்தது. சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன், அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அப்பாவும் சேர்ந்துகொள்கிறார். இருவரும் காட்டிலும் மலையிலும் சில நாட்கள் ஒளிந்து திரிந்து, கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். கதை அவ்வளவுதான். ஒரு குற்றம், ஒரு சில நாள், இரண்டு பேர். ஒளிந்திருக்கும் இடத்தில் சமைப்பது, முயல் பிடிப்பது, அப்பா பழைய கதை சொல்வது என்று பக்கங்கள் நகரும். இந்தக் கதைக்கு ஆவணக்காப்பகம் தேவையில்லை. எழுதியவருக்குக் காடும் தெரியும், பேச்சும் தெரியும். வேண்டியது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் அது சீக்கிரம் எழுந்து நடந்துவிட்டது. அதே 1982இல்தான் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் வந்தது. கரிசல் பேச்சுக்குத் தனியாக ஓர் அகராதியே வேண்டும் என்று தோன்றிய காலம் அது.

எழுந்து நடந்த கதை எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். பதிப்புக்கு மேல் பதிப்பாக வந்தது. 2019இல் என். கல்யாண் ராமன் ‘ஹீட்’ என்று இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அதே வருஷம் அக்டோபரில் வெற்றிமாறன் ‘அசுரன்’ ஆக்கினார். தனுஷ் அப்பாவானார். நாவலில் இல்லாத பஞ்சமி நில வரலாறு படத்தில் சேர்ந்தது. 2021இல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம், சிறந்த நடிகர் என்று இரண்டு வந்தன. அதே வருஷம் தெலுங்கில் ‘நாரப்பா’ ஆகி, வெங்கடேஷ் நடித்தார். கரிசல் காட்டில் ஒளிந்திருந்த அப்பாவும் மகனும் அனந்தபூர்க்காரர்கள் ஆனார்கள். ஒரு கதை முப்பத்தேழு வருஷத்தில் தியேட்டருக்கு வந்து சேர்ந்தது. அதுவும் நீண்ட பயணம்தான். ஆனால் பயணம் எல்லாம் எழுதி முடித்த பிறகு நடந்தது.

‘அஞ்ஞாடி’க்கு நேர்மாறு. அதன் பயணம் எல்லாம் எழுதுவதற்கு முன்னால் நடந்தது.

1985இல் ‘நைவேத்தியம்’ வந்தது, நொடித்துப்போன அக்கிரகாரத்தைப் பற்றி. 1995இல் ‘வாய்க்கால்’, ‘வரப்புகள்’. நடுவில் சிறுகதைகள். பிறகு ஒரு படம். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணத்தில், நாசரும் ராதிகாவும் நடிக்க, பூமணியே இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’. மழை பொய்த்த கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் கதை. கொள்ளை நடந்த சிவகாசியிலிருந்து 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீக்குச்சி செய்யக் கற்றுவந்து தொழில் தொடங்கினார்கள். அந்தத் தொழில் பெருகி, எழுபது வருஷம் கழித்து, சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகளின் விரல்களைத் தேடி வந்தது. அன்றைக்கு எரிந்த ஊர் இன்றைக்கு நெருப்பை விற்கும் ஊர். பூமணி அந்தப் படத்தை எடுத்தபோது, பெரிய கதையின் கடைசிப் பக்கத்தை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று கதைகளைக் கையில் வைத்திருப்பவர் மூன்றையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்போம். உள்ளே ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்.

1995க்குப் பிறகு அடுத்த நாவல் 2012இல். நடுவில் பதினேழு வருஷம். வெளியே இருந்து பார்த்தால் எழுதாமல் இருந்த காலம்.

இந்தக் காலத்தில் பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்ற அமைப்பு அவருக்கு நல்கை தந்தது. எழுத்தாளனுக்குப் பணம் கொடுத்து, போய்த் தேடிப் பார் என்று சொல்வது தமிழில் வழக்கமாக நடக்கும் காரியம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி, எழுத்தாளனுக்குக் கற்பனை என்று நாம் பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டும், பழைய ஆவணங்களைப் பார்த்தும் எழுத அந்த நல்கை வழிசெய்தது. வாய்ப் பாதையில் போன கதையும் காகிதப் பாதையில் போன கதையும் முதல்முறையாக ஒரே மேஜைக்கு வந்தன.

வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். காகிதத்தில் உள்ளவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள்: வாதி, பிரதிவாதி, சாட்சி, குற்றவாளி. வாயில் உள்ளவர்களும் கட்சிக்காரர்கள்தான். நம்ம ஆள், அவன் ஆள். இதை அப்படியே எழுதினால் நூறு வருஷத்துச் சண்டையை இன்னொரு முறை மூட்டிவிட்டதாக ஆகும். யார் பக்கம் என்று வாசகர் முதல் பத்துப் பக்கத்திலேயே கேட்பார். இது கற்பனையான பயம் இல்லை. இந்தப் பக்கத்தில் சாதிப் பெயரோடு ஒரு கதை எழுதுகிறவனுக்குத் தெரு முனையில் பதில் கேட்க ஆள் இருக்கும்.

பூமணி கண்ட வழி எனக்கு இந்த நாவலிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. கதையைத் தேர்வீதியிலிருந்து தொடங்கவில்லை. கலிங்கல் என்ற கிராமத்தில் இரண்டு பையன்களிலிருந்து தொடங்கினார். ஒருவன் ஆண்டி, குடும்பன் வீட்டுப் பிள்ளை. மற்றவன் மாரி, துணி வெளுக்கும் வண்ணார் வீட்டுப் பிள்ளை. கலவரத்தின் இரண்டு தரப்பிலும் முன்னால் நிற்காத சாதிகள். இந்த இரண்டு சேக்காளிகளின் விளையாட்டிலும் பசியிலும் கதை ஊறத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நகர்கிறது. பாளையக்காரர் காலம் வருகிறது, கும்பினி வருகிறது, பஞ்சம் வருகிறது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு. கழுகுமலையும் சிவகாசியும் வரும்போது வாசகர் ஏற்கெனவே ஒரு கிராமத்துக்காரராகிவிட்டிருப்பார். கலவரம் அவருக்குச் செய்தியாக வராது, பக்கத்து ஊரில் புகையாக வரும். யார் ஜெயித்தார் என்று கேட்பதற்கு முன்னால், அடுத்த நாள் சந்தை கூடுமா, கடன் கொடுத்த ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கத் தோன்றும்.

இந்தக் கதை அத்தனை வருஷம் முடியாமல் கிடந்ததற்கு ஆவணம் கிடைக்காதது பாதிக் காரணம். நின்று பார்ப்பதற்கு ஓர் இடம் அகப்படாதது மீதிக் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆவணம் காசு கொடுத்தால், அலைந்தால் கிடைக்கும். நிற்க இடம் அப்படிக் கிடைக்காது. அதற்கு வயதும் வேண்டும், வேறு கதைகளை எழுதிப் பார்த்த கையும் வேண்டும். ‘பிறகு’வில் செருப்புத் தைக்கும் அழகிரியின் கண்ணால் ஊரைப் பார்த்தவர், ‘நைவேத்திய’த்தில் அக்கிரகாரத்துக்குள் போய் உட்கார்ந்தவர், ‘வெக்கை’யில் கொலை செய்தவனோடு காட்டில் படுத்திருந்தவர். தன் வீட்டுக் கண்ணை விட்டு வேறு கண்ணால் பார்ப்பதற்கு அவர் எடுத்த பயிற்சிகள் அவை. பெரிய நாவல் கிடப்பில் கிடந்தபோது சின்ன நாவல்கள் அதற்கு வேலை செய்துகொண்டிருந்தன.

எழுதி முடித்த கட்டு சென்னைக்குப் போனது. க்ரியா 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய பதிப்பகம். தற்காலத் தமிழ் அகராதியை 1992இல் கொண்டுவந்தவர்கள். ஒரு சொல்லுக்கும் ஓர் ஒற்றுக்கும் மல்லுக்கட்டுவார் ராமகிருஷ்ணன் என்று தமிழ் எழுத்துலகம் அறியும். கரிசல் பேச்சில், சொலவடையும் நாட்டார் கதையும் பாட்டும் ஊடாட எழுதிய ஆயிரம் பக்கத்தை அப்படிப்பட்ட பதிப்பாளர் கையில் கொடுப்பது இரண்டு பேருக்குமே லேசான வேலையாக இருந்திருக்காது. எது பிழை, எது வழக்கு என்று பார்த்துப் பார்த்து விடவேண்டும். திருத்தினால் மண் போய்விடும், திருத்தாவிட்டால் வாசகர் தடுக்குவார். 2020 நவம்பரில் கொரோனாவுக்கு ராமகிருஷ்ணன் பலியானார். அவர் பெயர் சொல்லும் புத்தகங்களில் ‘அஞ்ஞாடி’யும் ஒன்று.

2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘அஞ்ஞாடி’க்குக் கிடைத்தது. ஒரு காலத்தில் கோர்ட்டுக் கட்டாக லண்டன் போன கரிசல் பூமியின் பிணக்கு, நாவலாக டெல்லி போனது. முன்னால் போனது வேறொருவர் மொழியில், தீர்ப்புக் கேட்டு. பின்னால் போனது தன் சொந்தப் பேச்சில், யாரிடமும் எதுவும் கேட்காமல். நூறு வருஷத்தில் கதைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் எண்ணுவது இந்த வித்தியாசத்தைத்தான்.

சங்கரன்கோவிலிலும் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தறிக்கூடத்துக் கணக்கு எழுதுகிறவர், பூ மார்க்கெட்டில் நிற்கிறவர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். போனில் நாலு கதை பாதியில் நிற்கும், நோட்டில் இரண்டு. பார்க்கிறவர்கள் எல்லாரும் ‘எப்போ முடிப்பே?’ என்றே கேட்பார்கள். அது டிராலப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி. இவர்களிடம் கேட்க வேண்டியது, இந்தக் கதை எதற்காக நிற்கிறது என்று. நேரம் இல்லாமல் நிற்கிறது என்றால் விடியற்காலை எழுந்து உட்கார வேண்டியதுதான், வேறு மருந்து கிடையாது. விவரம் பற்றாமல் நிற்கிறது என்றால் பஸ் ஏற வேண்டும், கிழவிகளிடம் உட்கார வேண்டும், பத்திரப்பதிவு ஆபீசில் நகல் கேட்டு மனுப் போட வேண்டும். எங்கே நின்று சொல்வது என்று தெரியாமல் நிற்கிறது என்றால், அதைத் தொடாமல் வைத்துவிட்டு வேறொரு சின்னக் கதையை எழுதிப் பார்க்கலாம். ‘வெக்கை’ மாதிரி ஏதாவது ஒன்று எழுந்து நடந்தாலும் நடக்கும்.

பூமணி ‘அஞ்ஞாடி’யோடு மேஜையைக் காலிசெய்துவிடவில்லை. 2018இல் ‘கொம்மை’ வந்தது. இந்த முறை அவர் கையில் எடுத்தது மகாபாரதம். எத்தனையோ பேர் எத்தனையோ மொழியில் சொல்லியும் தீராத கதை. இரண்டு நூற்றாண்டுக் கதையைக் கட்டி மேய்த்தவருக்கு அதற்கடுத்து எட்டிய பெரிய கதை அதுவாகத்தான் இருந்திருக்கும்.